கூறைச்சேலையில் ஒரு சதுரம்

"டைலுன்னா குளியலறையில ஒட்டுவாவளே, அதா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அதே கணக்குத்தாம்மா," என்றான் பெனோ. "ஒரே ஒரு சதுரம் செஞ்சு குடுத்தாப் போதும். மிஷினு அதையே பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டே போயிரும். இந்தா பாருங்க, திரை பூரா பட்டுச்சேலைய விரிச்ச மாதிரி இருக்கா? உள்ளது இம்புட்டுதான்." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தீப்பெட்டி அகலத்துக்கு விரித்துக் காட்டினான்.

அவள் கணவர் தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒட்டுன இடம் எங்கனவே இருக்கு? கொத்தனாரு வச்சாக்கூட நூலளவு தெரியும்லா?"

"தெரியாம இருக்கதுதான் அண்ணாச்சி இதுல வேலையே."

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் பெனோவின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு போன். தில்லைநாயகத்தின் மகள் விஜயஸ்ரீக்கு ஆவணி எட்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தான். வர முடியாத அவனுடைய சிநேகிதர்கள் பார்ப்பதற்காக இன்டர்நெட்டில் கல்யாணப் பக்கம் ஒன்று போட வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் அது ஊருக்குப் புதுசு. பக்கத்துக்குப் பின்னால் அரக்குப் பட்டு தெரிய வேண்டும், அதன்மேல் மஞ்சள் எழுத்து என்பது தில்லைநாயகத்தின் யோசனை. அன்றைக்கு ஆனி கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் எதையும் தொடங்கக்கூடாது என்பதால் அன்று சாயங்காலத்துக்குள் பக்கத்தை ஏற்றிவிட வேண்டும்.

"வேலை சுத்தமா இருக்குவே," என்றார் தில்லைநாயகம். "யாரு செஞ்சது?"

அங்கேதான் பெனோ வாயைக் கொடுத்தான்.

"நம்ம கோமு அக்காதான் அண்ணாச்சி. நீங்க அரக்குப் பட்டு கேட்டியள்லா, கடை கடையா அலைஞ்சேன். கண்ணாடி மேல வச்சு அமுக்க எவன் பட்டு குடுப்பான்? அக்கா சத்தங்காட்டாம தன்னோட கல்யாணச் சேலையவே எடுத்துட்டு வந்துட்டாவ!"

உலகம்மாள் திரும்பினாள். கடைசி மேஜையில் கோமு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தாறு வயசு. நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு மட்டும். உலகம்மாளின் கண் அந்த நெற்றியில் போய் நின்றது.

"நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?"

"குமரகுருபரன் வீட்டுல."

"எந்தக் குமரகுருபரன்? கூட்டுறவு பேங்குல இருந்து, கார்த்திகையில தவறுனாரே?"

"ஆமா."

உலகம்மாள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"எந்திரிங்க," என்றாள் கணவரிடம். "என்னத்த நல்லாருக்கு நல்லாருக்குங்கிய? தாலியறுத்தவ கூறைச்சேலையிலயா எம் பிள்ள பேர எழுதி வச்சிருக்கு?"

பெனோவுக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. "அம்மா, இது சேலை இல்லம்மா. படம். ஸ்கேனர்ல ஒரு தடவ எடுத்ததோட சரி. சேலை அப்பமே வீட்டுக்குப் போயாச்சு."

"படம்னா? சாமி படத்து முன்னால செருப்போட நிப்பியளா, படம்தானன்னு?"

"எங்க சபையில படமே வைக்க மாட்டோம்மா," என்றாள் ஜெமிமா அடுத்த மேஜையிலிருந்து. இருபத்திரண்டு வயசு, வாயை அடக்கத் தெரியாது. பெனோ அவளை முறைத்தான்.

"ஏட்டீ, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் தில்லைநாயகம் மனைவியிடம். "பாக்கப் போறது அமெரிக்காவுல நாலு பயலுவ."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே. இனிமே நான் எப்படி நிம்மதியா மணையில பிள்ளைய உக்கார வைப்பேன்?" அவள் குரல் உடைந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதில் கூட. கோமுவைப் பார்த்து, "இவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, இவருக்குத் தெரியாது. நீ சைவப் பிள்ளையில்லா? உனக்காவது தெரிய வேண்டாமா?" என்றாள்.

"தெரியும்."

"பின்ன?"

"ஞாபகம் வரல."

"எது ஞாபகம் வரல?"

"இதெல்லாம்," என்றாள் கோமு.

அவள் சொன்னது நிஜம். அரக்குப் பட்டு வேண்டும் என்றதும் வீட்டில் பீரோவைத் திறந்தாள். மூன்று இருந்தன. மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். இழை நெருக்கமாக, சீராக இருந்த ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். அது எந்தச் சேலை என்று அப்போது அவள் மனசில் ஏறவில்லை. இந்த எட்டு மாதமாக எதுவும் ஏறுவதில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பேங்க் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது, "டிபன் பாக்ஸ் எங்க இருக்கு?" என்றுதான் கேட்டாள். அவள் அழவில்லை என்பதை ஊரே பேசி முடித்துவிட்டது.

வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் எழுந்தார்.

"அம்மா, நான் இவளுக்கு அண்ணன். ஐயம்பெருமாள். ஆழ்வார்குறிச்சி. நீங்க சொல்லுதது ஞாயந்தான். இவளுக்கு இப்பம் ஒண்ணும் ஓட மாட்டேங்கு. அதான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுங்க. பாவம்," என்றாள் உலகம்மாள். பாவம் என்பதையும் அவள் மனசறிந்துதான் சொன்னாள்.

ஐயம்பெருமாள் காலை பஸ்ஸில் வந்திருந்தார். பாளையங்கோட்டையில் கோமு தனியாக ஒரு வாடகை வீட்டில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. போன மாசமே சொல்லிவிட்டார்: "அந்தத் தம்பி வேலைய நிரந்தரம்னு சொன்னா இரு. இல்லன்னா ஆடிக்கு முன்னால வந்திரு. ஆடியில வீடு மாறப்பிடாது." பெனோ, இந்தக் கல்யாணப் பக்கம் நல்லபடி முடியட்டும், தில்லைநாயகம் அண்ணாச்சி சொன்னா நாலு வீட்டு வேலை வரும், அப்புறம் சொல்கிறேன் என்றிருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு சாமான் ஏற்ற வேன் வரும். ஏற்றுவதா திருப்பி அனுப்புவதா என்பது இந்தக் கல்யாணப் பக்கத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

கோமு எழுந்து நின்றாள். "வேற சேலை குடுங்க. மாத்திரலாம். ரெண்டு மூணு மணி நேரம் ஆவும்."

"வேற யாராவது செய்யட்டும்."

"வேற ஆளில்லம்மா," என்றான் பெனோ. "ஜெமிமா எழுத்து அடிப்பா, போட்டோ சேர்ப்பா. நான் ஏத்துவேன். ஒட்டுத் தெரியாமச் சதுரம் செய்ய அவங்க ஒருத்தராலதான் முடியும்."

தில்லைநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு ஆடி. இன்னைக்கு விட்டா ஆவணி. கல்யாணத்துக்கு அன்னைக்குக் காலையில ஏத்துவியா? உஞ் சேலையக் குடு, கதை முடிஞ்சு போவும்."

மகாராஜநகரிலுள்ள வீட்டுக்கு ஆட்டோவில் போய், வெள்ளைத் துண்டில் சுற்றிய தன் கூறைச்சேலையோடு உலகம்மாள் திரும்பி வந்தாள். கோமு கையை நீட்டினாள்.

"நீ தொடாத தாயி. அந்தப் பிள்ளகிட்டக் குடுக்கேன்."

ஜெமிமா வாங்கிக்கொண்டாள். "சேலையத் தொடப்பிடாது, கம்ப்யூட்டர்ல தொட்டாப் பரவாயில்லையாம்மா?"

"அது கம்ப்யூட்டருதான," என்றாள் உலகம்மாள்.

ஜெமிமா சேலையைக் கண்ணாடிமேல் விரித்து மூடியை அமுக்கினாள். வெளிச்சக்கோடு ஒருமுறை ஊர்ந்து போனது. உலகம்மாள் சேலையைத் திரும்ப வாங்கிச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். "சாப்பிட்டுட்டு, அப்படியே கோயிலுக்கும் போயிட்டு நாலு மணிக்கு வாரோம்," என்றார் தில்லைநாயகம்.

அவர்கள் படியிறங்கியதும் பெனோ தலையில் கை வைத்தான். "எக்கா, நான் நல்லதுன்னு நினைச்சுல்லா சொன்னேன்."

"சரி தம்பி."

"கோவமா?"

"இல்ல."

கோபம் வந்திருந்தால் அவளே சந்தோஷப்பட்டிருப்பாள்.

வேலையைத் தொடங்கினாள். படத்தில் ஒரு சதுரத்தை வெட்டினாள். பாதியாக அறுத்து இடதை வலதாக்கி, மேலைக் கீழாக்கினாள். அப்படிச் செய்தால் ஓரங்கள் நான்கும் நடுவுக்கு வந்துவிடும். சேராத இடம் சிலுவை மாதிரி நடுவில் தெரியும். அந்தச் சிலுவையை, பக்கத்து இழையை எடுத்து எடுத்து ஒற்றி மறைக்க வேண்டும். அதற்கு ரப்பர் ஸ்டாம்பு என்று ஒரு கருவி இருந்தது.

ஐயம்பெருமாள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சோறு தின்னியா?"

"பசிக்கல."

"அங்க வந்தா மயினி இருக்கா. பிள்ளைங்க இருக்கு. பொழுது போயிரும்."

"இங்கனயும் போவுது."

"எதுல? இதுலயா?" அவர் திரையை எட்டிப் பார்த்தார். "ஒரு பூ உண்டா, மயிலு உண்டா? ஒண்ணையும் காணும்."

"ஒண்ணும் இருக்கப்பிடாது அண்ணே. இருந்தா மேல எழுதுதது தெரியாது."

"அப்பம் பாக்கவன் இத எதுக்குப் பாக்கான்?"

"பாக்க மாட்டான்."

"பாக்காததுக்கா இந்தப் பாடு?"

"தப்பா இருந்தா பாத்திருவான். ஒரு சின்னப் புள்ளி விட்டுப் போச்சுன்னா, அது வரிசை வரிசையா நூறு புள்ளியா நிக்கும்."

ஐயம்பெருமாளுக்கு இதில் பிடி கிடைக்கவில்லை. தங்கையின் கை மவுஸைப் பிடித்து மயிரிழை அளவுக்கு நகர்வதைப் பார்த்தபடி இருந்தார். இப்படி அவள் எதையாவது உற்றுப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாரோ என்னவோ, மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

சிலுவை அழிய மறுத்தது. உலகம்மாளின் சேலை முப்பத்திரண்டு வருஷம் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் இருந்த சேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஸ்கேனருக்குத் தெரிந்தது. மடிப்பு மடிப்பாக இழை இற்று, வெள்ளைக் கோடுகள் ஓடின. ஒரு கோட்டை மறைக்கப் பக்கத்து இழையை எடுத்தால் அதிலும் ஒரு கீறல் வந்தது. வேறு இடத்தில் வெட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதுதான். மூன்று தடவை புதிதாகத் தொடங்கினாள். மணி இரண்டேமுக்கால்.

"சேலை கிழடுக்கா," என்றாள் ஜெமிமா. "வெளியே பளபளன்னு இருக்கு, உள்ள நைஞ்சு போயிருக்கு."

கோமு முதலில் செய்த தன் சதுரத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அரக்கு. தன்னுடையது கொஞ்சம் வெளிச்சம் கூட. அதைக் கொஞ்சம் மங்க வைத்ததும் இரண்டும் ஒரே நிறமாயின. ரப்பர் ஸ்டாம்பைத் தன் சேலையில் ஒருமுறை அமுக்கி, உலகம்மாளின் கீறல்மேல் வைத்தாள். கீறல் போய்விட்டது.

இன்னொரு முறை. இன்னொரு கீறல்.

ஜெமிமா மெல்ல நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"எக்கா."

"என்ன?"

"இது அந்தச் சேலைல்லா?"

"அங்கங்கதான்."

"எங்கங்க?"

"ஒட்டுற இடத்துல."

"தெரிஞ்சா கொன்னுருவாவ."

"தெரிஞ்சா என் வேலை சரியில்லன்னு அர்த்தம்," என்றாள் கோமு.

ஜெமிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணும்னேதான் செய்தியளாக்கா? உள்ளதச் சொல்லுங்க."

கோமு யோசித்தாள். "இல்ல. இழை சேருது. அதான்."

"என்ன சிரிப்பு?" என்றார் ஐயம்பெருமாள்.

"ஒண்ணுமில்லண்ணே. இழை சேருதாம்," என்றாள் ஜெமிமா.

நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் புதுத் திருநீறு. உலகம்மாளுக்குக் குங்குமமும். பெனோ பக்கத்தைத் திறந்து காட்டினான். அரக்குப் பட்டு திரை முழுக்க விரிந்தது. அதன்மேல் மஞ்சள் எழுத்தில் விஜயஸ்ரீயின் பெயரும் மாப்பிள்ளை பெயரும்.

உலகம்மாள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரல்நுனியால் திரையைத் தொட்டாள்.

"இதுல்லா சேலை," என்றாள். "பாருங்க, அப்பம் இருந்ததுக்கும் இப்பம் இருக்கதுக்கும். ஒரு களை தெரியுதுல்லா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்றார் தில்லைநாயகம்.

"உங்களுக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?"

ஜெமிமா குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடினாள். தோள் குலுங்கியது.

"பெனோ தம்பி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்கப்பிடாது," என்றாள் உலகம்மாள். "பழசு இருக்குல்லா, அத அழிச்சிரணும். பின்னால கைமறதியா மாத்திப் போட்டிருவிய. எங்க கண்ணு முன்னாலயே அழிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பெனோ கோமுவைப் பார்த்தான். கோமு நாற்காலியில் உட்கார்ந்து பழைய சதுரத்தைத் தேடி எடுத்தாள். அழிக்கச் சொன்னதும் மிஷின் ஒரு கேள்வி கேட்டது.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் உலகம்மாள்.

"நிச்சயமாவான்னு கேக்கு," என்றான் பெனோ.

அறையில் எல்லாரும் கோமுவின் விரலைப் பார்த்தார்கள். அவள் அமுக்கினாள். சதுரம் போய்விட்டது.

அதற்குப் பிறகும் குப்பைக்கூடை மாதிரி ஓர் இடத்தில் அது கிடக்கும், அங்கேயும் போய் அழித்தாள். யாரும் கேட்காமலே செய்தாள். செய்து முடித்தபோது உள்ளே எங்கேயோ ஏதோ ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. என்னவென்று பார்ப்பதற்குள் அடங்கிவிட்டது.

பெனோ போன் லைனில் பக்கத்தை ஏற்றினான். லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை ஏறியது. உலகம்மாள் பையிலிருந்து ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, பெனோ கையில் ஒன்று கொடுத்தாள், ஜெமிமா கையில் ஒன்று கொடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். ஒரு கணம் நின்றாள். அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத தாயி," என்றாள்.

"இல்லம்மா," என்றாள் கோமு.

அவர்கள் போனபின் ஐயம்பெருமாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "தம்பி, என்ன முடிவு பண்ணியிருக்கிய? அஞ்சு மணிக்கு வேன் வந்திரும்."

பெனோ பேனாவை மூடினான், திறந்தான். "அண்ணாச்சி, அக்கா இருக்கட்டும். நிரந்தரம்தான். ஆனா ஒண்ணுக்கா. இனிமே கல்யாண வேலைய ஜெமிமா பாக்கட்டும். உங்களுக்கு டைப்பிங் இருக்கு. பில்லு, லெட்டரு. ஏன்னா இன்னைக்கு நடந்த மாதிரி..."

"கேட்டியா?" என்றார் ஐயம்பெருமாள் தங்கையிடம். "தம்பியும் அதத்தான் சொல்லுதாரு. இங்கனயும் ஒரு மூலைதான், அங்கனயும் ஒரு மூலைதான். அங்கன நாங்களாவது இருக்கோம். என்ன சொல்லுத?"

எட்டு மாதமாக யார் எது கேட்டாலும் கோமு சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். துணி மாற்றச் சொன்னார்கள், சரி. கையெழுத்துக் கேட்டார்கள், சரி. இப்போதும் அண்ணன் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்.

"டைப்பிங் வேண்டாம் தம்பி," என்றாள்.

"எக்கா?"

"டைப்பிங் யாரும் செய்வாவ. இந்த வேலைய நான் செய்யுதேன். கல்யாணத்துக்கும் செய்யுதேன், சடங்குக்கும் செய்யுதேன். நீங்க என் பேரச் சொல்லாதீய. யாரு செஞ்சான்னு கேட்டா மிஷினு செஞ்சுதுன்னு சொல்லுங்க."

"உங்க பேர மறைச்சா, பாவம் இல்லையாக்கா?" என்றான் பெனோ.

"அவுகளும் பேங்குல இருபது வருசம் அடுத்தவங்க கணக்கத்தான் பாத்தாவ. யாரு பேரு கேட்டா?" கணவரைப் பற்றி அவளாகப் பேசியது எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே அது காதில் விழுந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெமிமா, "மிஷினுன்னு சொன்னா அந்த அம்மா மிஷினு யாரு வீட்டுப் பிள்ளன்னு கேப்பாவ," என்றாள்.

பெனோ சிரித்துவிட்டான். "சரிக்கா. உங்க இஷ்டம்."

"அப்பம் வேன்?" என்றார் ஐயம்பெருமாள்.

"திருப்பி அனுப்பிருங்கண்ணே."

"வேன்காரன் அம்பாசமுத்திரத்துல இருந்து வாரான்டீ. வெறுங்கையோட எப்படித் திருப்புவேன்?"

"அந்தப் பெரிய கட்டில ஏத்திக்கிடுங்க. எனக்கு அது வேண்டாம்."

ஐயம்பெருமாள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவள் பர்ஸைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஆளுங்க கட்டில மெதுவாத் தூக்கட்டும், நிலையில இடிச்சிரப் போவுது," என்றாள். "சாவிய எதிர்த்த வீட்டுல குடுத்துட்டுப் போங்க. நான் வர ஆறு மணி ஆவும்."